பர்வதம் திருந்துகிறாள்

கிழக்குத் தாம்பரம்
8-1-2003

அன்புத் தம்பி ஜெயவேலுவுக்கு, செல்வமேரி அக்கா எழுதுவது.

உன்னோடு பேச வேண்டுமென்றால் இந்தக் காலத்திலும் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. உன் போன் நம்பரைக் கேட்டால் கம்பெனி மேனேஜர், "ரைட்டரை யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு புரொட்யூசர் ஆர்டர்" என்கிறார். படப்பையில் வீடு பிடித்து, போன்கூட இல்லாமல் உன்னை அடைத்து வைத்திருக்கிறார்களாமே. நீ எழுதும் தாள்களைத் தினமும் நாவலூர் பங்களாவுக்கு, அதாவது எங்கள் ஷூட்டிங்குக்கு, வேனில் கொண்டுவருகிற ஷாகுலிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் ஒரு சந்தேகம். 'தங்கத் தாழ்ப்பாள்' சீரியலில் நான் திங்கட்கிழமை மாடிப்படி ஏறினேன். இன்று புதன். இன்னும் இறங்கவில்லை. மருமகள் யமுனா போனில் பேசுவதை ஒட்டுக் கேட்கிறேனாம். அவள் "ஹலோ" என்றாள். உடனே என் முகம், என் புருஷன் முகம், சமையல்காரி முகம், வாசலில் கட்டியிருக்கிற நாயின் முகம். அந்த ஹலோவுக்கு யார் பதில் சொன்னார்கள் என்று தெரிய வெள்ளிக்கிழமை ஆகும் போலிருக்கிறது. அடுத்த வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, "படியிலயே நிக்கிறீங்களே, கால் வலிக்கலையா?" என்று கேட்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் தேவானந்தத்துக்கு வயது முப்பதைத் தொடுகிறது. கார் பார்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். குடி, சிகரெட் கிடையாது. ஆனாலும் பெண் அமைய மாட்டேன் என்கிறது. காரணம் அவன் இல்லை. நான்கூட இல்லை. நீ எனக்குக் கொடுத்த மாமியார் வேஷம், பர்வதம். பல்லாவரத்தில் ஒரு பெண்ணின் அப்பா என் முகத்துக்கு நேராக, "மருமகளை மாடியில இருந்து தள்ளினது நீங்கதானே?" என்று கேட்டார். நான் எங்கே தள்ளினேன்? நீ தள்ள வைத்தாய். அதற்கு முன்னால் வந்த சம்பந்தம் போட்டோ பார்த்ததோடு சரி, என் போட்டோவை.

இப்போது சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பெண் பெயர் ஷீலா. பள்ளிக்கூடத்து டீச்சர். பொங்கல் கழிந்து பார்க்கப் போகிறோம். எல்லாம் கூடி வந்தால் ஈஸ்டர் முடிந்து பூ வைத்து, கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணம். உனக்குத்தான் எங்கள் வழக்கம் தெரியுமே, மூன்று ஞாயிறு பூசையில் சாமியார், "இந்தக் கல்யாணத்துக்குத் தடை எதுவும் தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று அறிவிப்பார். இன்று அறிவித்தால் பாதிக் கோயில் எழுந்து நிற்கும்.

ஆகவே தம்பி, ஈஸ்டருக்குள் பர்வதத்தைத் திருத்திவிடு. ரயில்வே இன்ஸ்டிடியூட் மேடையில் உன் முதல் நாடகத்துக்கு யாரும் நடிக்க வராதபோது நான்தான் வந்தேன். அதை நான் சொல்லிக்காட்டவில்லை.

அக்கா
செல்வமேரி

*

படப்பை
11-1-2003

அக்கா, வணக்கம்.

சொல்லிக்காட்டவில்லை என்று சொல்லியே சொல்லிக்காட்டுவது உங்களுக்குக் கைவந்த கலை.

படியில் உங்களை நிற்க வைத்தது நான் இல்லை. நான் எழுதியது அரைப் பக்கம். "பர்வதம் படியேறுகிறாள், கேட்கிறாள், இறங்குகிறாள்." அதை மூன்று நாளுக்கு இழுத்தது டைரக்டர். அவரைக் கேட்டால் சேனல் என்பார். சேனலைக் கேட்டால் ஜனங்கள் என்பார்கள். ஜனங்களைக் கேட்டால், "ஏன்தான் இப்படி இழுக்கறாங்களோ" என்று சொல்லிக்கொண்டே எட்டரைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பர்வதத்தைத் திருத்த முடியாது. உங்கள் மகனுக்குக் கல்யாணம் என்பதற்காகவெல்லாம் ஒரு மனுஷி மாற மாட்டாள். அவள் மாறுவதற்கு அவள் வாழ்க்கையில் காரணம் வேண்டும். அந்தக் காரணம் மெதுவாக வரவேண்டும். அடுப்பில் வைத்த பாலே நின்று நிதானித்துத்தான் பொங்குகிறது. இன்னொன்று. யமுனாவை யாருக்காவது பிடிக்கிறதா? அழுகிறாள், மன்னிக்கிறாள், திரும்ப அழுகிறாள். அந்த வீட்டில் ஏதாவது நடக்கிறதென்றால் அது பர்வதத்தால்தான். அவள் திருந்திய மறுநாள் எல்லோரும் வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள். எனக்கும் வேலை இருக்காது, உங்களுக்கும் இருக்காது.

பெண் பார்க்கப் போய் வந்ததை விரிவாக எழுதுங்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள், என்ன பேசினார்கள், எல்லாம். இங்கே நான் பேசுவதற்கு எதிர் வீட்டு எருமையைத் தவிர ஆள் இல்லை.

ஜெயவேலு

*

கிழக்குத் தாம்பரம்
21-1-2003

தம்பி ஜெயவேலுவுக்கு,

எருமையோடு பேசிப் பேசி உனக்கும் தோல் தடித்துவிட்டது.

போய் வந்தோம். ரயில் கேட்டைத் தாண்டி இரண்டாவது தெரு. சின்ன வீடு, துடைத்து வைத்த மாதிரி சுத்தம். கூடத்தில் புது சோபா. மகன் வாங்கி அனுப்பியதாம். கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே போட்டு வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் சத்தம். கொஞ்சம் அசைந்தால் அதைவிடப் பெரிய சத்தம். எழுந்தபோது உறை என் பட்டுப்புடவையோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் பேன் போட்டார்கள்.

பெண்ணின் அப்பா சாலமன் தங்கமான மனுஷர். அம்மாதான் சமையலறை வாசலை விட்டு வரவில்லை. அங்கிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வாயைத் திறந்து, "அந்த யமுனாப் புள்ள பாவங்க. ஏங்க அத்த அப்படிப் பண்றீங்க?" என்றாள். ஷீலா சிரித்துவிட்டு, "அம்மா, அது நடிப்பும்மா" என்றது. அதற்கு அவள், "நடிப்புன்னாலும் மனசுல கொஞ்சம்கூட இல்லாம வருமா?" என்றாள். முப்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

உனக்கு மட்டும் சொல்கிறேன். சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக்கை எடுக்கவே மனசு வராதவள், பெற்ற பெண்ணை எங்கே வெளியே அனுப்பப் போகிறாள்!

ஆனால் பெண் நல்ல பெண். நான் கிளம்பும்போது என் செருப்பைத் தேடி எடுத்துத் திருப்பி வைத்தது. தேவானந்தம் வழியெல்லாம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு வந்தான். அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலமாகிறது. இந்தப் பெண் கை நழுவிப் போனால் அவன் என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அதுதான் எனக்குப் பயம். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பர்வதத்தைத் திருத்து. காரணம் கீரணம் எல்லாம் நீ கண்டுபிடி. அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறாய்.

செல்வமேரி

*

படப்பை
3-2-2003

அக்கா,

உங்களுக்கு அதிர்ஷ்டம். யமுனாவாக நடிக்கிற பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது. மூன்று வாரம் வர முடியாது. அவள் இல்லாமல் கதையை ஓட்ட ஏதாவது பெரிதாக நடந்தாக வேண்டும் என்று டைரக்டர் கையைப் பிசைகிறார். பர்வதம் திருந்தட்டும் என்றேன். கட்டிக்கொள்ளாத குறை.

அடுத்த வாரமே திருந்துகிறீர்கள். இது அவசர வேலை. காயைப் புகை போட்டுப் பழுக்க வைக்கிற மாதிரி. தோல் மஞ்சளாக இருக்கும், உள்ளே புளிக்கும். பின்னால் என்னைத் திட்டக் கூடாது.

ஜெயவேலு

*

கிழக்குத் தாம்பரம்
18-2-2003

ஜெயவேலுவுக்கு,

திட்டத்தான் போகிறேன்.

கோயில் மணி அடிக்கிறது. பர்வதம் திரும்பிப் பார்க்கிறாள். கண்ணில் தண்ணீர். அடுத்த காட்சியில் யமுனாவின் போட்டோவுக்கு முன்னால் பீரோ சாவியை வைத்துக் கும்பிடுகிறாள். அதற்கடுத்த காட்சியில் வீட்டில் எல்லோருக்கும் பாயசம் ஊற்றுகிறாள். முடிந்தது. பர்வதம் நல்லவள். சேசு மரியே! ஒட்டுக் கேட்கப் படியேற மூன்று நாள் எடுத்துக்கொண்டவளுக்கு, ஜென்ம குணம் மாற மணிச் சத்தம் ஒன்று போதுமா?

ஒருத்தரும் நம்பவில்லை. மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மணி கூடையை அப்படியே வைத்துவிட்டு, "இன்னாக்கா, பாயசத்துல இன்னாத்த கலந்து வச்சிகினு கீற? வூட்டுக்காரரு குடிச்சிட்டாரா இல்லியா, அத்த மட்டும் சொல்லிட்டுப் போ" என்று வழியை மறிக்கிறாள். நான் உண்மையாகவே திருந்திவிட்டேன் என்றேன். "யார்கிட்ட உடற" என்று சிரித்தாள்.

அவள் கிடக்கட்டும். சாலமன் நேற்று போன் செய்தார். மனுஷருக்குச் சொல்லவே கூச்சம். "தப்பா எடுத்துக்காதீங்க. வூட்ல பயப்படறாங்க. முன்னாடி கோவம் வந்தா கோவமா இருந்தீங்க, ஒண்ணும் பிரச்சன இல்ல. இப்போ சிரிக்கிறீங்க. இன்னா திட்டம்னு தெரிலன்னு அவளுக்குத் தூக்கமே வர்ல" என்றார். ஈஸ்டருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சைத் தள்ளிப் போட்டுவிட்டார்.

கெட்டவளாக இருந்தபோது கேள்வி கேட்டார்கள். நல்லவளாகிவிட்டேன், பதிலே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இதற்கு நான் பேசாமல் அந்தப் படியிலேயே நின்றிருக்கலாம்.

செல்வமேரி

*

படப்பை
21-2-2003

அக்கா,

சொன்னேன். கேட்டீர்களா?

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். டி.ஆர்.பி. ஏறிவிட்டது. பாயசத்தில் என்ன இருக்கிறது என்று ஊரே காத்திருக்கிறதாம். விஷம் என்று எழுது என்று சேனல்காரர் ஆள் அனுப்பினார். முடியாது என்று சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும், உங்களை இரண்டு தரம் அவமானப்படுத்த நான் தயாராக இல்லை. எனக்கும் ரோஷம் உண்டு. நான் எழுதியதிலேயே கேவலமான காட்சி அந்த மணியடிதான்.

இனி என் போக்கில் விடுங்கள். பர்வதம் இனிமேல் அழ மாட்டாள். மன்னிப்புக் கேட்க மாட்டாள். யமுனா திரும்பி வரும்போது, "வந்துட்டியா" என்று மட்டும் கேட்பாள். ஒரு வாரம் கழித்து, யமுனாவின் தட்டில் மட்டும் அப்பளம் இல்லை என்பதைக் கவனிப்பாள். எடுத்து வைக்க மாட்டாள். கவனிப்பாள், அவ்வளவுதான். அதற்கடுத்த வாரம் எடுத்து வைப்பாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. மனுஷர்கள் இப்படித்தான் மாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். மனசு முதலில் திருந்தும். கை அப்புறம். நாக்குதான் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஒன்றரை மாதம் கொடுங்கள்.

ஜெயவேலு

*

கிழக்குத் தாம்பரம்
3-4-2003

அன்புத் தம்பிக்கு,

தவக்காலத்தில் நல்ல காரியம் பேசக் கூடாது என்பார்கள். பேசியாகிவிட்டது. கர்த்தர் மன்னிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஷீலாவும் அவள் அம்மாவும் தாம்பரத்துக்குத் துணி எடுக்க வந்தவர்கள், அப்படியே என் வீட்டுக்கும் வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "அன்னிக்கி அந்தப் புள்ளைக்கு அப்பளம் வச்சீங்களே சம்பந்தி, நான் அழுதுட்டேன்" என்றாள். சம்பந்தி என்றாள், தம்பி! நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டிவிட்டு வந்தேன், முகத்தைக் காட்ட முடியவில்லை. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பூ வைக்கிறோம்.

ஒரு அப்பளம் எடுத்து வைக்க என்னை நீ மூன்று வாரம் காக்க வைத்தாய். நாவலூர் வெயிலில் அந்தச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் சொல்கிறேன், நான் நடித்ததிலேயே உருப்படியான காட்சி அதுதான். பஸ்ஸில் முன்பெல்லாம் பயந்து இடம் கொடுத்தார்கள். இப்போது சிரித்துக்கொண்டு கொடுக்கிறார்கள்.

நல்லவளாகிவிட்டாள் என்று என் காட்சிகளைக் குறைத்துவிடாதே.

அக்கா

*

கிழக்குத் தாம்பரம்
26-4-2003

கதாசிரியர் ஜெயவேலு அவர்களுக்கு,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

வியாழக்கிழமை எட்டரைக்கு நானும் தேவானந்தமும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். பர்வதம் இளைய மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறாள். காலைக் கழுவிக்கொண்டே மருமகளிடம் சொல்கிறாள். "சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக்கை எடுக்கவே மனசு வராதவ, பெத்த பொண்ணை எங்க வெளியே அனுப்பப் போறா!" யமுனா சிரிக்கிறாள். மாமனார் சிரிக்கிறார். சமையல்காரி சிரிக்கிறாள். ஒவ்வொரு முகமாகச் சிரித்து முடிக்கும் வரை எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. விளம்பரம் வந்த பிறகுதான் உறைத்தது, அது நான் உனக்கு எழுதிய வரி.

நான்தான் பேசியிருக்கிறேன். என் வாய்தான். ஷூட்டிங் அன்றைக்கு நாலு புடவை மாற்றினேன், எத்தனை காட்சி எடுத்தார்கள் என்று எனக்கே தெரியாது. உனக்குத் தெரியுமே, உதவி டைரக்டர் பத்ரிநாராயணன் கேமராவுக்குப் பின்னால் நின்று ஒரு வரி சொல்வான், நான் திருப்பிச் சொல்வேன். அடுத்த வரி சொல்வான், திருப்பிச் சொல்வேன். காதில் விழுகிறது, வாயில் வருகிறது, நடுவில் மனசில் நிற்பதே இல்லை. என் சொந்த வார்த்தையை என் வாயிலேயே திருப்பிப் போட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை.

சீரியல் முடிவதற்குள் போன் அடித்தது. ஷீலாவின் அம்மா. கத்தவில்லை, அழவில்லை. "பிளாஸ்டிக்க எடுத்துட்டேங்க. நல்லா இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாளைக்குப் பூ வைப்பதாக இருந்தது. இல்லை.

தேவானந்தம், "அத்த நீ சொன்னியாம்மா, இல்லியா?" என்றான். ஜெயவேலு எழுதினதுடா என்றேன். "அவரு சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வந்தாரா?" என்றான். அவ்வளவுதான் பேசினான். இரண்டு நாளாகச் சாப்பாடு கம்பெனி கேன்டீனில்.

உன்னை நம்பி எழுதினேன். வேறு யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். நீ அதை ஊர் முழுக்க ஒலிபரப்பிவிட்டாய்.

செல்வமேரி

*

படப்பை
29-4-2003

அக்கா,

என்ன எழுதினாலும் சமாதானமாகத்தான் தோன்றும். இருந்தாலும் எழுதுகிறேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. தினமும் காலையில் ஷாகுல் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும்போது கையில் காட்சிகள் இருக்க வேண்டும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. பர்வதம் நல்லவளாகிவிட்டாலும் நாக்கு இன்னும் திருந்தவில்லை என்று காட்ட ஒரு வரி தேவைப்பட்டது. உங்கள் கடிதம் மேஜைமேல் இருந்தது. படிப்பதற்குச் சுகமாக இருந்தது. எடுத்துவிட்டேன். எழுதி முடித்தபோது நல்ல வரி என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அதைச் சொல்லும் வாய் யாருடையது, கேட்கும் காது யாருடையது என்று யோசிக்கவே இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு வருஷமாக நான் எழுதுவது ஒரு குடும்பத்தின் கதை. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் நான் பார்த்த ஒரே குடும்பம் உங்கள் கடிதங்களில் இருந்ததுதான்.

பர்வதம் அந்தச் சம்பந்தியம்மாளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பது போல ஒரு காட்சி எழுதட்டுமா? நன்றாக எழுதுவேன். ஷீலாவின் அம்மா நிச்சயம் பார்ப்பார். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள் போதும்.

ஜெயவேலு

*

கிழக்குத் தாம்பரம்
6-5-2003

ஜெயவேலுவுக்கு,

வேண்டாம். நீ எழுதி, பத்ரிநாராயணன் எடுத்துக் கொடுத்து, நான் கேட்கிற மன்னிப்பு யாருக்கு வேண்டும்?

நானே போனேன். ரயிலில் போகும்போது பேச வேண்டியதை எல்லாம் கோத்து வைத்திருந்தேன். அந்த வாசலில் நின்றதும் ஒன்றுமே வரவில்லை. பின்னாலிருந்து யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று நின்றேனோ என்னவோ. அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோபா வெறுமனே கிடந்தது. நல்ல துணி, பூப்போட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சொன்னது நான்தாங்க. டி.வி.ல மட்டும் இல்ல, அதுக்கு முன்னாடியே லெட்டர்ல எழுதினதும் நான்தான். உங்க எதிர்ல சொல்லத் துப்பில்ல, பின்னால சொன்னேன்" என்றேன். இவ்வளவுதான் வந்தது. மீதி எல்லாம் கேவல்தான்.

அவள், "இது நடிப்பு இல்லன்னு நான் எப்படி நம்பறது?" என்றாள். அப்போது ஷீலா உள்ளேயிருந்து வந்து, "அம்மா, மூக்கு எப்படி ஒழுகுது பாரு. டி.வி.ல அழுவறப்ப ஒழுகவே ஒழுகாது" என்றது. அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த கோபத்தில் ஒரு துண்டை எடுத்து என் மேல் போட்டாள்.

உட்கார்ந்து பேசினோம். மகன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய சோபாவாம். அவன் லீவில் வந்து தன் கையால் பிரிக்கட்டும் என்று வைத்திருந்தாளாம். கடைசியில் அவள் சொன்னாள், "எதிர்ல உக்காந்து பேசறீங்க, நம்பறேன். ராத்திரி எட்டரைக்கு டி.வி.ல வந்துட்டீங்கன்னா அந்த நம்பிக்க போயிடுது. இத்த நிபந்தனையா சொல்லலீங்க. எனக்கே ஒண்ணும் புரில. நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க." பூ வைக்கச் சம்மதித்துவிட்டாள். ஆனால் பயந்துகொண்டே சம்மதித்திருக்கிறாள். பயந்துகொண்டு பெண்ணை அனுப்புகிறவளிடம் நான் எப்படிப் பெண்ணை வாங்குவது?

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பர்வதத்தைச் சாகடித்துவிடு.

யோசித்துத்தான் சொல்கிறேன். எனக்கு இது சின்ன விஷயம் இல்லை. முப்பது வருஷம் மேடையில் கத்தியபோது கிடைக்காத பெயர் இந்தப் பாழாய்ப்போன படியில் நின்றபோதுதான் கிடைத்தது. நாளைக்கு பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் கொடுக்க மாட்டார்கள். பரவாயில்லை, நிற்கிறேன். இன்னொரு வேஷம் வந்தால் வரட்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன், இழுக்காதே. ஒரே நாளில் முடி.

அக்கா

*

படப்பை
9-5-2003

அக்கா,

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் சாகடிக்காதே என்று கேட்டிருக்கிறார்கள். சாகடி என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். புரொட்யூசர் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார். சேனல்காரர் வேறு நடிகையைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். இந்தப் பர்வதம் போனால் அடுத்த பர்வதத்துக்கு வேறு ரைட்டரையும் சேர்த்துப் பாருங்கள் என்றேன். சாகடிக்க ஒப்புக்கொண்டார்கள்.

கடைசிக் காட்சியை எழுதிவிட்டேன். யமுனா சாப்பிடுகிறாள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மறுநாள் காலையில் நீங்கள் எழுந்திருக்கவில்லை. உங்களுக்கு வசனமே கிடையாது. பத்ரிநாராயணன் எடுத்துக் கொடுக்க ஒரு வார்த்தைகூட இல்லை.

ஒரே எபிசோடில் முடிகிற மாதிரிதான் எழுதியிருக்கிறேன். டைரக்டர் கையில் அது என்ன ஆகுமோ, எனக்குத் தெரியாது.

தம்பி
ஜெயவேலு

*

கிழக்குத் தாம்பரம்
28-5-2003

அன்புத் தம்பி ஜெயவேலுவுக்கு,

பூ வைத்தாயிற்று. இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. ஒருத்தரும் எழுந்து நிற்கவில்லை. தேவானந்தம் திரும்ப வீட்டில் சாப்பிடுகிறான், குழம்பில் உப்பு சரியில்லை என்றுகூடச் சொல்கிறான். எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது.

ஆனால் உன் டைரக்டரை நான் என்ன செய்தால் தகும்? போன வியாழக்கிழமை செத்தேன். இன்று புதன். இன்னும் நடுக்கூடத்தில் கிடக்கிறேன். மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை, கன்னத்தில் ஈ. படம் பிடித்த அன்று வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தர் முகத்துக்கும் கேமரா போய் வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். அமெரிக்காவிலிருந்து மூத்த மகன் வரவேண்டுமாம். இவ்வளவு நாள் அப்படி ஒரு மகன் இருப்பதாகவே யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பவே இரண்டு எபிசோட் ஆகிவிட்டது.

இன்று காலையில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் சம்பந்தியம்மாள். தலை வாரவில்லை. கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது. கையில் பெரிய தூக்குப் பாத்திரம். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ராத்திரி பாத்ததுலேர்ந்து மனசு ஆறல சம்பந்தி. வெடிஞ்சதும் சாம்பார் சாதம் பண்ணி எடுத்துக்கினு ரயில் ஏறிட்டேன். எழவு வூட்ல அடுப்பு எரியாதில்ல, ஒங்க புள்ள பட்டினி கெடக்குமேன்னு. வண்டலூர் தாண்டினப்புறம்தான் ஐயையோ, நீங்க உசுரோட இல்ல கீறீங்கன்னு நெனப்பே வந்துச்சு. எறங்கித் திரும்பிப் போலாமான்னு பாத்தேன். மனசு கேக்கல. ஒரு தரம் கண்ணால பாத்துட்டுப் போயிடலாம்னு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்காக இப்படி அழ ஒருத்தி இருக்கிறாள் என்று சாவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, தம்பி.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அந்தச் சாதத்தை இருவருமாகச் சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில் அவள் குரலைத் தாழ்த்தி, துக்க வீட்டில் கேட்கிற மாதிரியே, "என்னிக்கி எடுக்கறாங்க?" என்று கேட்டாள்.

"தெரியல சம்பந்தி. அமெரிக்காவுலேர்ந்து பெரியவன் வரணுமாம்" என்றேன்.

அவளுக்குக் கவலை வந்துவிட்டது. "வர்ற புதன்கிழமை கல்யாணங்க. பொணத்த வூட்ல வச்சிகினு எப்படிங்க நல்ல காரியம் பண்றது?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே கேட்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துவிடுவார்கள் என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதனால் தம்பி, அந்த அமெரிக்காக்காரன் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, செவ்வாய்க்கிழமைக்குள் என்னை எடுத்துவிடு.

அக்கா
செல்வமேரி